ஆணி அடிக்காத படக்காரர்

ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சக்கரவர்த்தி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையில் கையைக் காட்டுவார்கள். படத்துக்குக் கண்ணாடி போடுகிறவர் என்று விளக்கினால் ஒருத்தர் ரெண்டு பேருக்குத் தெரியும். ஆனால் ஜவ்வாது மலைமேல் எந்த ஊரில் போய்க் கேட்டாலும், "யாரு, கயித்துப் படக்காரரா? போன வாரம்கூட வந்துட்டுப் போனாரே" என்று உட்காரவைத்து ஒரு சொம்பு கூழும் கொடுத்துவிடுவார்கள். சொந்த ஊரில் கிடைக்காத மரியாதை அவருக்கு மலையில் கிடைத்தது. ஒரு வீட்டுச் சுவரை உடைத்துத்தான் அதைச் சம்பாதித்தார் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

எழுபதுகளின் நடுவில் அவருக்கு ஒடுகத்தூர் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை இருந்தது. கடை என்றால் ஒரு ஆள் உட்கார்ந்து கால் நீட்டினால் தெருவில் படும், அவ்வளவுதான் இடம். சாமி படங்களுக்குச் சட்டம் அடித்து, கண்ணாடி அறுத்துப் பொருத்தி, பின்னால் அட்டை வைத்துக் கொடுப்பார். வேண்டியவர்களுக்கு வீட்டுக்கே போய் மாட்டியும் தருவார். ஆணி அடிப்பதில் அவருக்கு அடங்காத கர்வம். சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், ஓரிடத்தில் ஆணியை வைத்து ஒரே அடி. சுண்ணாம்பு உதிராது. ஒடுகத்தூர் செங்கல் சுவர்களெல்லாம் தன்னோடு பேசும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பேசுகிற சுவர் எல்லா ஊரிலும் ஒரே பாஷையா பேசும் என்று அப்போது யாரும் அவரைக் கேட்கவில்லை.

கடை இருந்த இடத்தின் சொந்தக்காரருக்குத் திடீரென்று மருமகன்மேல் பாசம் பொங்கிற்று. மருமகன் சைக்கிள் கடை வைக்க அந்த இடம்தான் வேண்டும் என்றார். சக்கரவர்த்தி சண்டை போடத் தெரியாத மனுஷர். சட்டங்களையும் கண்ணாடிகளையும் வீட்டில் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பிள்ளைகள் கையில். கண்ணாடியில் இடிபடாமல் வீட்டுக்குள் நடக்கக்கூட வழியில்லை.

அவர் மனைவி சின்னக்குழந்தை அதை ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"கடை போனா இன்னா, தலை கீதுல்ல? கைய எட்த்துட்டு அதுல படத்த வெச்சினு மலைக்குப் போ. புளி காசு வர்ற நேரம். அங்க எவன் கடை வெச்சினு கீறான்?" என்றாள்.

யோசனை நல்ல யோசனை. பங்குனி மாதம், மலையில் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து மூட்டை கட்டுகிற சமயம். வருஷத்தில் மலைக்காரர்கள் கையில் ஏதாவது புரள்கிறது என்றால் அப்போதுதான். சக்கரவர்த்தி பலகைப் பெட்டி ஒன்று செய்து, படங்களுக்கு நடுவில் வைக்கோல் திணித்து, தலையில் சும்மாடு வைத்து ஏறினார். பாதி ஏற்றத்திலேயே கழுத்து இறங்கிவிட்டது. இந்த மலையில் நாலு கதவு திறந்தால் பிள்ளைகள் சாப்பிடும், திறக்காவிட்டால் கூலி வேலைக்குக் கலசப்பாக்கம் பக்கம் போக வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தார். முன்பின் தெரியாத ஆளை மலை ஊர்களில் வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்று கீழே சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். ஒரு ஊரில் பேர் கெட்டால் சாயங்காலத்துக்குள் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

முதலில் வந்த ஊர் நெல்லிக்கொல்லை. ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதல் வீடு மங்கம்மாளுடையது.

மங்கம்மாளுக்கு அவர் வயதுதான் இருக்கும், முப்பதை ஒட்டி. புருஷன் முனியன் புளி மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தான். அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முருகன், லட்சுமி, பிள்ளையார் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த மாரியம்மன் படத்தில் கையை வைத்தாள். போன கோடையில் அவள் மகன் சடையனுக்கு அம்மை வார்த்து, பிழைப்பானோ மாட்டானோ என்று ஆகிவிட்டதாம். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தால் உன்னை என் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். பிள்ளை பிழைத்துவிட்டான். அம்மனை எங்கே போய்க் கூட்டி வருவது என்று அவள் முழித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் தலைமேல் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். பேரமே பேசவில்லை. கொட்டை எடுத்த புளியில் ஒரு பெரிய உருண்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"மாட்டிக் குடுத்துட்டுத்தான் போணும்" என்றாள்.

"அதுக்கு இன்னாம்மா, ஒரே அடி" என்றார் சக்கரவர்த்தி.

மங்கம்மாள் குங்குமம் குழைக்கக் கொல்லைப் பக்கம் போனாள். இவர் உள்ளே போய்ச் சுவரைத் தட்டினார். செம்மண்ணும் சாணமும் போட்டு வழவழவென்று மெழுகிய மண்சுவர். ஒரு பக்கம் தட்டினால் 'திம்' என்றது. நகர்ந்து போய்த் தட்டினால் 'டொக்கு' என்றது. ஒடுகத்தூரில் 'டொக்கு' என்றால் செங்கல்லும் செங்கல்லும் சேருகிற இடுக்கு, ஆணி சுகமாக இறங்கும் இடம். காதை வைத்துக் கேட்டார். சந்தேகமே இல்லை. வழக்கம்போல ஒரே அடி.

ஆணி போனது, கூடவே சுத்தியலும் போனது, சுத்தியலோடு அவர் முழங்கை வரைக்கும் போனது. கையை வெளியே இழுத்ததும் சுவரில் ஒரு முறம் அகலத்துக்கு மண் பிளந்து விழுந்தது. பின்னாலேயே சாமை கொட்ட ஆரம்பித்தது. நிற்காமல் கொட்டிற்று. காலை மூடிற்று, பெட்டிக்கடியில் ஓடிற்று, வாசலைத் தாண்டிற்று. அந்த வீட்டில் விதைத் தானியம் கொட்டிவைக்கிற மண்குதிர் ஒன்றைச் சுவரை ஒட்டி எழுப்பி, எலிக்கும் கண்ணுக்கும் தெரியாதபடி சுவரோடு சுவராக மெழுகிவிட்டிருந்தார்கள். கீழ்நாட்டுக் காது அதைச் செங்கல் இடுக்கு என்று எடுத்துக்கொண்டது.

விதைச் சாமை என்றால் அடுத்த வருஷத்துச் சோறு. ஆனியில் விதைக்க அதை விட்டால் அந்த வீட்டில் வேறு கிடையாது. சக்கரவர்த்தி விவசாயி இல்லையென்றாலும் அது தெரியாதவர் இல்லை. வாசல் திறந்துதான் கிடந்தது. தெருவில் ஆளில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் இறக்கம்தான். அதெல்லாம் பிறகு யோசித்தபோதுதான் அவருக்கே தோன்றியது. அந்த நேரத்தில் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். மேல்துண்டை உருட்டி ஓட்டையில் அடைத்து, முதுகால் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

மங்கம்மாள் குங்குமக் கிண்ணத்தோடு வந்தாள். பார்த்தாள்.

பிறகு அவள் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவருடைய அப்பன், பாட்டன், ஒடுகத்தூர், ஒடுகத்தூரில் ஓடுகிற பஸ், எதையும் விடவில்லை. சக்கரவர்த்தி முதுகை எடுக்காமல் அத்தனையும் கேட்டுக்கொண்டார். மூச்சு வாங்க அவள் நிறுத்தினபோது, "மொறம் ஒண்ணு குடும்மா. பொறுக்கிடறேன்" என்றார்.

அவள் முறத்தைக் கொடுக்கவில்லை, எறிந்தாள். ஒரு பலகையைக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்துவிட்டு, எதிரில் அவளும் சல்லடையோடு உட்கார்ந்தாள். மண்ணோடு சேர்ந்துவிட்ட சாமையை அவள் சலித்தாள், இவர் புடைத்தார். இவருக்குப் புடைக்கத் தெரியாது. மண் முறத்தில் நின்று சாமை வெளியே பறந்தது. "அய்யய்யே, வெச்சிடு! நீ புடைச்சா பூமிதான் மிஞ்சும்" என்று பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கையாலேயே பொறுக்கினார். சாமை எவ்வளவு சின்னது என்பது பொறுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெயில் சாய்கிறவரை தலை நிமிரவில்லை. விதை அநேகமாக முழுசும் தேறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஊர்க்கவுண்டர் வேடியப்பன் தெருவோடு வந்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நெல்லிக்கொல்லையில் மட்டுமில்லை, சுற்றுவட்டத்தில் எந்த ஊரிலும் காலை வைக்க முடியாது. வாசல் பூராவும் சாமை காய்வதைப் பார்த்து நின்றார்.

"இன்னா மங்கம்மா, வெத சாமைய எறச்சி வெச்சினு கீற?"

சக்கரவர்த்தி, பிழைப்பு போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டார்.

"உலக்க சாஞ்சி உழுந்துடுச்சி மாமா. சொவுரு பொத்துக்கினு போச்சி. தோ, படக்காரரு பாவம், கூட குந்திப் பொறுக்கிக் குடுத்தாரு" என்றாள் மங்கம்மாள். கண் இமைக்கவில்லை.

கவுண்டர் ஓட்டையைப் பார்த்தார். மூலையில் சாத்தியிருந்த உலக்கையைப் பார்த்தார். தலைமுடியெல்லாம் செம்மண்ணாக உட்கார்ந்திருந்த சக்கரவர்த்தியையும் பார்த்தார். "சரி, பாத்து வெச்சிக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சக்கரவர்த்தி எழுந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"கும்புடறது இருக்கட்டும். என் அம்மன் இன்னும் தரையில கீறா. மாட்டு" என்றாள் அவள். "ஆனா என் சொவுத்தத் தொட்ட, உன் கைய ஒடிப்பேன்."

சுவரைத் தொடாமல் படத்தை எங்கே மாட்டுவது? இரண்டு பேரும் வீட்டுக்கு நடுவில் நின்று யோசித்தார்கள், யோசித்தார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்பது சரி. பலகை போட்டு வைக்கலாம் என்றார் இவர். பலகையும் சுவரில்தானே நிற்கணும் என்றாள் அவள். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டலாம் என்றார். கறையான் ஒரே மழையில் அம்மனைத் தின்றுவிடும் என்றாள். அலுத்துப்போய் அவர் தலையை நிமிர்த்தியபோது விட்டம் கண்ணில் பட்டது. மலை வீடுகளில் கூரையைத் தாங்குவது மரக்கால்கள். சுவர் காற்றும் குளிரும் வராமல் இருக்க இடையில் எழுப்பிய மறைப்புத்தான். பாரத்தை விட்டத்துக்குக் கொடுத்துவிட்டால் சுவருக்கு என்ன கவலை?

மங்கம்மாள் கற்றாழை நாரில் திரித்த கயிறு கொண்டுவந்தாள். சட்டத்தின் பின்னால் இரண்டு வளையம் திருகி, கயிற்றைக் கோத்து, விட்டத்தில் முடிச்சுப் போட்டார். படம் தொங்கியது. ஆனால் முகம் நேராக எதிர்ச்சுவரைப் பார்த்தது.

"அவ யாரப் பாக்கறா? நாங்க தரையில குந்தினு கீறோம், படுத்துனு கீறோம். எம் புள்ள பாயில படுத்தா அவ மூஞ்சி தெரியணும்" என்றாள்.

வளையத்தைச் சட்டத்தின் நடுவுக்கு இறக்கிப் போட்டார். படம் மேல்பக்கம் முன்னால் சாய்ந்து, அம்மன் குனிந்து பார்க்கிற மாதிரி ஆயிற்று. கீழ்விளிம்பு சுவரில் உரசாமல் இருக்க இரண்டு மூலையிலும் துணியைச் சுற்றி வைத்தார். மங்கம்மாள் பையன் சடையனைக் கூப்பிட்டுப் பாயில் படுக்கச் சொன்னாள்.

"தெரியுதாடா?"

"என்னியே பாக்குதும்மா" என்றான் பையன்.

அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். அவ்வளவு நேரம் சண்டை போட்ட பொம்பளை கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் சக்கரவர்த்திக்கும் தாளவில்லை. புளி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஒரு வசவு விழுந்தது. புளியை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

மறுவாரம் போனபோது பக்கத்து வீட்டுக்காரி நின்று கூப்பிட்டாள். அவளுக்கும் மங்கம்மாள் வீட்டில் இருக்கிற மாதிரியே வேண்டும், கயிற்றில். அதற்குப் பக்கத்து வீட்டுக்கும் வேண்டும். ஏன் என்பது போகப்போக இவருக்கே விளங்கிற்று. பொங்கலுக்கு முன்னால் வீட்டைப் புதுசாக மெழுகுவார்கள். ஆணியில் மாட்டினால் படத்தைச் சுற்றி மெழுக வேண்டும், ஆணி ஆடும், ஆடினால் மண் பொரியும். கயிற்றுப் படத்தை அப்படியே தள்ளிப் பிடித்துக்கொண்டு பின்னால் கையை விட்டு மெழுகிவிடலாம். சுவரைத் தன் கையால் மெழுகுகிறவர்களுக்கு அந்தச் சுவர்மேல் இருக்கிற பிரியம் ஆணி அடிக்க வருகிறவனுக்குத் தெரியாது. சக்கரவர்த்திக்குத் தெரிந்துவிட்டது. மலைக்குப் போகும்போது சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஊர் ஊராகப் படம் ஏறிற்று. கயிற்றை எலி கடிக்கிறது என்று புகார் வந்தது, வேப்பெண்ணெயில் ஊறவைத்துக் கொண்டுபோனார். ஒரு வீட்டில் கூரை ரொம்பத் தாழ்வு, பிள்ளையாருக்குப் போட்ட அருகம்புல் மாலையை ஆடு வந்து தின்றுவிட்டது. பிள்ளையாரே பேசாமல் இருக்கும்போது நான் என்ன செய்வது என்றாராம் இவர். எண்பதுகள் வந்ததும் சாமி படங்களோடு கல்யாணப் போட்டோக்களும் வர ஆரம்பித்தன. ஒடுகத்தூர் ஸ்டுடியோவில் போய் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்டு வந்து, "சாமிக்கு மாதிரியே எங்களியும் குனிஞ்சி பாக்கற மாதிரி மாட்டுங்க" என்று கேட்பார்கள். மாட்டிக் கொடுப்பார். வீட்டில் பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டன. இரண்டும் பள்ளிக்கூடம் போயின. ஒடுகத்தூரில் சைக்கிள் கடை மருமகன் ஒரு வருஷத்தில் கடையை மூடிவிட்டான். இடம் திரும்பக் கிடைக்கும் என்று ஆள் வந்து சொன்னபோது, "எனக்கு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டார்.

ஆனால் உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. நெல்லிக்கொல்லைக்குள் நுழையும்போதெல்லாம், யாராவது ஒருத்தர் விரலை நீட்டி, விதைக் குதிர் உடைத்தவன் நீதானே என்று கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுவார். கவுண்டர் எதிரில் வந்தால் ஓரமாக ஒதுங்கிவிடுவார். அந்த ஒரு பொய்மேல்தான் தன் வீட்டு அடுப்பு எரிகிறது என்று அவருக்குத் தெரியும். மங்கம்மாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தார். சேலை வாங்கிப் போனார், அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கண்ணாடி விரிசல் விட்டபோது புதுக் கண்ணாடி போட்டுவிட்டுக் கிளம்பினார், பின்னாலேயே வந்து மடியில் கடுக்காயைக் கொட்டிவிட்டுப் போனாள்.

"அந்த அம்மா அன்னிக்கி ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா நாம இன்னா ஆயிருப்போம்?" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்வார்.

"எனுக்கே மனப்பாடம் ஆயிடுச்சி. ஒரு வாட்டி போய் நல்லா அழுதுட்டு வாயேன், தீந்துடும்" என்பாள் சின்னக்குழந்தை.

ஒரு வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. மலைப்பாதையில் மண் சரிந்து, மேலே போகவர வழியில்லாமல் இருந்தது. மழை விட்ட அன்றைக்குச் சந்தைக்கு இறங்கி வந்த ஒரு ஆள், "நெல்லிக்கொல்லைல முனியன் வூடு உழுந்துடுச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அதற்குமேல் தெரியவில்லை.

சக்கரவர்த்தி நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மங்கம்மாள் வீட்டு விட்டத்தில் இப்போது அம்மன் மட்டும் இல்லை. பெருமாள், முருகன், அவள் தங்கை கல்யாணப் போட்டோ, எல்லாம் கண்ணாடியும் கட்டைச்சட்டமுமாக வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றாகக் கட்டியது அவர் கைதான். விட்டத்துக்கு என்ன வயசு என்று ஒருநாளாவது கேட்டாரா? ஈரத்தில் ஊறிய கூரை, அதன்மேல் அவர் ஏற்றிய பாரம். அதுதான் முறித்திருக்க வேண்டும். அடியில் ஆள் படுத்திருந்தால்? செருப்பைக்கூட மாட்டாமல் மலையேறினார். வழுக்கிய இடத்தில் கையூன்றிப் போனார். சுவரை உடைத்தேன், மன்னித்தார்கள், இப்போது வீட்டையே தலைமேல் தள்ளிவிட்டேன் என்று புலம்பிக்கொண்டே ஏறினார்.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீடு. பார்த்தார்.

மழையடிக்கிற பக்கத்துச் சுவர் மொத்தமாக வெளிப்பக்கம் சரிந்து சேறாகக் கிடந்தது. கூரை அசையாமல் நின்றது. விட்டத்திலிருந்து அம்மன், பெருமாள், முருகன், கல்யாண ஜோடி எல்லாரும் வரிசை கலையாமல் கயிற்றில் தொங்கிக்கொண்டு, பின்னால் சுவரே இல்லாமல், காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மலை தெரிந்தது. கீழே மங்கம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா! உன் சாமிங்கள வந்து பாரு" என்றாள். "விடியக்காலம் தபதபன்னு சொவுரு போச்சி. சொவுத்துல மாட்டியிருந்தா அம்மா மண்ணோட மண்ணா போயிருப்பா. ஒரு கண்ணாடிகூட ஒடையல. நீ நல்லா இருக்கணும்."

அவர் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். மனைவி சொன்ன அழுகை அது. சுற்றிலும் ஊர்க்காரர்கள் புதுச் சுவருக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வீட்டில் சுவர் விழுந்தால் அங்கே ஊரே வந்து மண் மிதிக்கும். மீசை முளைத்துவிட்ட சடையன் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்து என்ன என்று கேட்டான். யாரோ மண் உருண்டை ஒன்றை இவர் கையில் வைத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவரும் இறங்கினார்.

அவருக்குப் பக்கத்தில் நின்று மிதித்தது வேடியப்பக் கவுண்டர்தான். வழக்கமாக ஒதுங்கிப் போகிறவருக்கு அன்றைக்கு ஒதுங்க இடமில்லை. இனியும் இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று பட்டது.

"கவுண்டரே, ஒண்ணு சொல்லணுங்க. அன்னிக்கி, அந்தச் சாமை..."

"உலக்கையா?" என்றார் கவுண்டர். மிதிப்பதை நிறுத்தவே இல்லை. "அது தெரியாத ஆளு இந்த ஊர்ல யாரு? நீ மலைய உட்டு எறங்கறதுக்கு முன்ன இவ வூடு வூடாப் போயி கதையாச் சொல்லிட்டா. நீ முதுவக் குடுத்து நின்னது, மொறம் புடிச்ச அழவு, எல்லாம் நடிச்சே காட்டனா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சக்கரவர்த்தி மங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் எதிர்ல எப்பிடிண்ணா சொல்றது? அதான் உலக்கன்னேன். நீ போனப்பறம்தான் சொன்னேன்" என்றாள் அவள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"தெரிஞ்சுமா எல்லாரும் என்னை வூட்டுக்குள்ள உட்டீங்க?"

"தப்புப் பண்ணவன் ஓடிப் போவான், தொரத்தலாம்" என்றார் கவுண்டர். "நீ குந்திச் சாமை பொறுக்கினு இருந்த. உன்ன எங்கேந்து தொரத்தறது? மிதிய்யா, மண்ணு காயுது."

அவர் மிதித்தார். எதிரில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த வாரமே கூப்பிட்டுக் கயிற்றுப் படம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, ஆடு மாலையைத் தின்ற வீட்டுக்காரன், தன்னையும் குனிந்து பார்க்கிற மாதிரி மாட்டச் சொன்ன மாப்பிள்ளை, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் விட்டத்தைக் காட்டி, கயிற்றைக் கட்டச் சொல்லி, கூழ் ஊற்றியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட அவர் முகம் கன்றும்படி ஒரு சொல் சொன்னதில்லை. ஒருத்திக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த நன்றியை ஒரு ஊருக்கே பங்கு போட வேண்டியதாகிவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாக இருந்தது, அதையெல்லாம்விடச் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கு வைக்க வேண்டிய வரிசை மண்ணை வைத்து முடித்ததும், கைகாலைக் கழுவிக்கொண்டு ஊருக்குள் நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "மழை பேஞ்சுதே, கயிறு நல்லா கீதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். உள்ளே கூப்பிட்டார்கள். எந்த வீட்டிலும் கயிறு இற்றுப்போகவில்லை. இருந்தாலும் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார், துணி சுற்றிய மூலைகளைச் சரிசெய்தார், கண்ணாடியைத் துடைத்தார். வெளியே வருவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் நின்று இரண்டு கையையும் கூப்பினார். படத்தில் இருக்கிற சாமியைக் கும்பிடுகிறார் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் கும்பிட்டது அவர்களைத்தான்.